சேர்வருக்குள் இருந்த மெமரி

தயாளினி,

உம்முடைய ஸ்டூடியோவுக்கென்று கழிவு விலையில் எடுத்த சேர்வர் கணினியின் மூடியை, மெமரி கூட்டலாமென்று திறந்தேன். நான் வாங்காத மெமரி உள்ளே இருக்கிறது! கடைக்காரனுக்குப் போன் அடித்தேன்.

"அக்கா முதல்நாளே வந்து போடுவிச்சு, நீங்கள் குறைச்ச மிச்சக் காசையும் பிறகு வந்து கட்டிட்டா அண்ணை. 'அவர் கேக்கிற விலைக்கு ஓம் எண்டு சொல்லுங்கோ, பேரம் பேசாட்டி அவருக்குச் சோறு இறங்காது' எண்டவா."

கழிவு விலைச் சாமான் வேண்டாமென்று என்னோடு கதைக்காமல் இருந்த நீரா இது? யாவாரி வீட்டில் பிறந்த எனக்கேயா இந்த விளையாட்டு?

சோறு குசினியில் மூடியிருக்கிறது. கோழி வாங்கப் பரந்தன் போகிறேன், என் அப்பா இரவு சாப்பிட வருகிறார்.

பி.கு.: பாதி விலைக்கு மடக்கினேனென்று அவரிடம் பெருமையடித்துவிட்டேன். அவருடைய கடைக்கும் அதே விலையில் ஒன்று வேண்டுமாம். என்ன சொல்ல? நீரே சொல்லித் தாரும்.