தோளில் இருந்தால் இருமாத தங்கச்சி

14.8.2001, செவ்வாய்

சகலருக்கும் துயருடன் அறிவிப்பது: எனது இடது செருப்பு இன்று பதுளை பஸ்ஸில் அறுந்து காலமானது.

மற்றதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஏழு மாதத் தங்கச்சிக்கு மூன்று மாதமாக இருமல், இழுப்பு. ராத்திரித் தூக்கமே கிடையாது. தேயிலைத் தோட்டத்து மருந்துக் காம்பராவில் மருந்து கொடுக்கும் ஐயா அவளை அம்மாவின் தோளில் வைத்தே பார்ப்பார். தோளில் இருந்தால் அவள் இருமவே மாட்டாள். "லயத்து வீட்டுப் புகைதான், அடுப்ப மாத்துங்க" என்று அதே சிரப்பைத் தருவார். அடுப்பு மாறியது, இருமல் மாறவில்லை. போன வாரம் நான், "பால் குடுத்துப் படுக்க வச்சுப் பாருங்க ஐயா" என்றேன்.

"தொர எப்ப டாக்டரானீங்க?" என்று கேட்டு வெளியே அனுப்பிவிட்டார்.

இன்று பதுளை ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணத்து டாக்டரம்மா அதையேதான் செய்தார். பால் குடித்துப் படுத்ததும் தங்கச்சிக்கு மூச்சு முட்டியது. "வயித்துப் புளிப்பு மேல ஏறுது. குடிச்சாப் பிறகு அரை மணித்தியாலம் நிமித்தி வச்சிருங்கோ" என்றார். மூன்று மாதமாக அந்த மனுஷர் எதைத்தான் பார்த்தார்?

நோயைக் கண்டுபிடித்தது நானே என்று லயம் முழுக்கச் சொல்லியாயிற்று. "ஒனக்கு எப்புடிடா தெரிஞ்சிச்சு?" என்று அம்மா கேட்டார். அறுந்த செருப்பைத் தைக்க ஊசி தேடிப் போய்விட்டேன்.

சாயங்காலம் அம்மா சமைக்கும்போது போத்தல் பால் கொடுப்பது என் வேலை. பிறகு தோளில் போட்டுத் தட்ட வேண்டும். வெளிச்சம் போவதற்குள் கிரிக்கெட் ஆட வேண்டுமே என்று அப்படியே தொட்டிலில் கிடத்திவிட்டு ஓடுவேன். இருமல் வாசல் வரைக்கும் கேட்கும்.