தரைக்குப் போர்த்திய போர்வை

அன்புள்ள மேனகாவுக்கு,

மஸ்கட்டில் நான் நலமாக இருக்கிறேன். உன் பல்வலி தேவலையா? பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

போன வாரம் இங்கே ஒரு கூத்து நடந்தது. புதிதாகப் போட்ட சிமெண்ட் தரையை ஈரம் போகாமல் மூடி வைக்கச் சாக்கு பற்றவில்லை. அனல் காற்று வேறு. ஓடிப்போய் நீ கொடுத்தனுப்பிய போர்வையை எடுத்து வந்து, நனைத்து விரித்துவிட்டேன். கூட வேலை செய்யும் பென்னாகரத்து மாதவராஜ் அண்ணன், "ஏன்டா சிலம்பு, தரைக்குக் குளுருதா?" என்று கேட்டுச் சிரித்தார்.

மறுநாள் பார்த்தால், போர்வை கிடந்த இடம் மட்டும் வழுவழுவென்று இருந்தது. மூடாமல் விட்ட இடம் சீக்கிரம் காய்ந்து சுருங்கி, வற்றிய ஏரி போல வெடித்திருந்தது. இன்ஜினியர் வந்து போர்வையைப் போட்டோ எடுத்தார். அண்ணன் இப்போது தன் லுங்கியையும் தரத் தயாராக இருக்கிறார்.

நம் வூட்டு வாசலுக்குத் தரை போடும்போது, பளபளப்புக்காக மேலே சிமெண்ட் தூவ மேஸ்திரியை விடாதே. அப்படிச் செய்தால் மேலெல்லாம் மயிரிழையாக வெடிக்கும். தரை இறுகியதும் வயலுக்குப் போல் சுற்றி வரப்புக் கட்டி, ஏழு நாள் தண்ணீர் நிறுத்து.

என் போர்வை சிமெண்ட் ஏறி அட்டையாகிவிட்டது. லீவில் வரும் அண்ணனிடம்தான் இந்தக் கடிதத்தைக் கொடுக்கிறேன். அவர் பாப்பிரெட்டிப்பட்டி வரும்போது ஒரு போர்வை கொடுத்தனுப்பு. புதிது வேண்டாம், அது இங்கேயே கிடைக்கும். நீ போர்த்திக்கொள்வதைக் கொடு.

அண்ணன் பெட்டியைப் பூட்டப் போகிறார், முடிக்கிறேன். போர்வையைத் துவைத்துவிடாதே.

சிலம்பரசன்