கணவர் கூற்று

மரக்காணம்
4.7.2005

அன்புள்ள ஆண்டாளுக்கு,

இக்கடிதத்தில் எழுதப்போவது:

1. போனில் பேசாமல் ஏன் எழுதுகிறேன் என்பது.
2. இரண்டு டாக்டர்களில் ஒருவர் தவறாகச் சொல்லியிருக்கிறார் என்பது.
3. மூன்றாவது டாக்டரைப் பார்ப்பது.
4. வீட்டுச் செய்தி.

உன் தங்கை ராசம்மாள் வீட்டுப் போன் கூடத்தில் இருக்கிறது. நான் பேசும் போன் பஸ் ஸ்டாண்டுக் கடையில். நேற்று நீ, “டாக்டர் என்ன சொன்னாருன்னு கேக்கவே மாட்டீங்களா?” என்றாய். அதைக் கேட்க வேண்டுமானால் மார்பு என்ற சொல்லைச் சொல்லியாக வேண்டும். எனக்குப் பின்னால் நான்கு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அதனால்தான் அங்கே மழை உண்டா என்று கேட்டேன்; டாக்டர் சொன்னதை நீயாகவே சொல்லி முடித்ததும் வைத்துவிட்டேன். மன்னித்துக்கொள்.

இரண்டாவது விஷயம். போன மாதம் நாம் பார்த்த பாண்டிச்சேரி டாக்டர், புற்றுநோய்தான், மார்பை முழுவதும் எடுத்துவிட வேண்டும் என்றார். இப்போது சென்னை டாக்டர், கட்டியை மட்டும் எடுத்துவிட்டு ஆறு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள் கதிர்வீச்சு, அதுதான் கரண்ட், வைத்தால் போதும் என்கிறாராம். கட்டி ஒன்று. ஊசி குத்தி எடுத்த டெஸ்ட் ஒன்று. ரிப்போர்ட்டை நானே ஜெராக்ஸ் எடுத்து உன்னிடம் கொடுத்தனுப்பினேன். ஒரு எழுத்து மாறவில்லை. பரிசோதனைக்கு எடுத்த ஒரே மாதிரிக்கு இரண்டு முடிவு வந்தால் அதில் ஒன்று தவறு. உப்புப் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்து நான்கு வருடம் இருந்தவனுக்கு வேறு எது தெரியாவிட்டாலும் இது தெரியும்.

எங்கள் கூடத்தில் இப்படி முரண்பட்டால் மூட்டையிலிருந்து மூன்றாவதாக ஒரு பிடி எடுப்போம். மூன்றில் எந்த இரண்டு ஒத்துப்போகிறதோ அதைப் பதிவு செய்வோம். ஆகவே மூன்றாவதாக ஒரு டாக்டரைப் பார்த்தால் என்ன? நான் நினைப்பது அசட்டுத்தனமாகவும் இருக்கலாம்.

வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது. பக்கத்து வீட்டுக் கொளஞ்சியம்மாள் உப்பளத்து வேலை முடிந்து வருகிற வழியில் எட்டிப் பார்த்தாள். நான் வைத்த ரசத்தைக் கரண்டியால் தூக்கிப் பார்த்துவிட்டு, “இன்னா சாரு, இத மாட்டுக்கு வச்சா மாடு நம்மள மொறைக்கும்” என்றாள். பிறகு அவளே கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்து வைத்தாள்.

உன் அன்புள்ள,
வெங்கடாசலம்


பெரம்பூர், சென்னை
8.7.2005

என் வீட்டுக்காரருக்கு,

உங்க கடுதாசி வந்துச்சு. ராசம்மா படிச்சுக் காட்டட்டுமான்னா. வேணாம்டி, நானே பாத்துக்கறேன்னு புடுங்கிக்கிட்டேன். அந்த வார்த்தைய எழுதிட்டீங்களே, பெரிய ஆளுதான் நீங்க. கல்யாணமாகி முப்பத்தஞ்சு வருஷத்துல இப்பதான் உங்க கையெழுத்துல அதப் பாக்கறேன். சிரிச்சேன். ஏன் சிரிக்கறன்னு ராசம்மா கேட்டா. கணக்கு தப்பா போட்டிருக்காருன்னு சொல்லிட்டேன்.

மூணாவது டாக்டரா? நான் என்ன உப்பு மூட்டையா, ஆளாளுக்கு ஒரு பிடி எடுத்துப் பாக்க? ரெண்டு பேரு முன்னாடி ரவிக்கைய அவுத்தாச்சு. மூணாவது ஆளுக்கு வேணும்னா நீங்க போயி அவுத்துக் காட்டுங்க.

உள்ளதச் சொல்றேன். எனக்கு அத எடுக்க மனசில்ல. அம்பத்தெட்டு வயசுல அது இருந்தா என்ன, போனா என்னன்னு ராசம்மா கேக்கறா. எதுக்குன்னு எனக்கும் சொல்லத் தெரியல. என் உடம்பு, இருக்கட்டுமேன்னு தோணுது, அவ்வளவுதான். ஆனா அத வச்சுக்கிட்டு உயிர விடறதுக்கு நான் ஒண்ணும் பைத்தியம் இல்ல. எடுத்தாதான் பொழைப்பன்னா எடுத்துக்கட்டும்.

இங்க ஆஸ்பத்திரியில வர்றவங்க ஒவ்வொருத்தரும் ஒண்ணு சொல்றாங்க. ஒரு அம்மா, கரண்ட் வச்சா தோலெல்லாம் கருகிடும்னுச்சு. இன்னொண்ணு, நான் வச்சுக்கிட்டு பத்து வருஷமாச்சு, பாருன்னு தோசை சுடற மாதிரி கையத் திருப்பித் திருப்பிக் காட்டுச்சு. டாக்டருங்க சொன்னது என்கிட்ட இருக்குது. ஊரு சொல்றதும் இருக்குது. நீங்க என்ன நெனைக்கறீங்கங்கறது மட்டும்தான் இல்ல. ஒரே ஒரு வரி எழுதுங்க. நம்பர் போடாம எழுதுங்க.

மாத்திரைய மறக்காதீங்க. பிரஷர் மாத்திரை அலமாரியில சீனி டப்பாவுக்குப் பின்னாடி இருக்குது.

ஆண்டாள்


மரக்காணம்
12.7.2005

அன்புள்ள ஆண்டாளுக்கு,

மாத்திரை கிடைத்தது.

நம்பர் போடாமல் எழுதிப் பார்த்தேன். மூன்று தாள் வீணாயிற்று. என் அபிப்ராயத்தைக் கேட்கிறாய். அதற்கு என்ன தகுதி இருக்கிறது? உப்பில் எவ்வளவு ஈரம், எவ்வளவு மண் என்று கேட்டால் சொல்வேன். இதில் நான் ஒன்று சொல்லி, நீ அதை நம்பி, அது தப்பாகப் போய்விட்டால் என்ன செய்வேன் என்றுதான் நினைப்பு ஓடுகிறது.

பாண்டிச்சேரி டாக்டர் வயதானவர். நிறையப் பேரைப் பார்த்தவர். அவர் முழுவதும் எடுக்கச் சொல்கிறார் என்றால் அதில்தான் பத்திரம் கூடுதலாக இருக்கும் என்று தோன்றுகிறது. தோன்றுகிறது என்பதற்கு மேல் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

வெங்கடாசலம்


பெரம்பூர்
15.7.2005

வீட்டுக்காரருக்கு,

தோணுதுன்னாவது எழுதினீங்களே, அது போதும். எடுத்துடலாம். வர்ற வெள்ளிக்கிழமைக்கு, இருபத்திரெண்டாம் தேதிக்கு, பாண்டிச்சேரியில பெட்டு சொல்லிடுங்க. நான் வியாழக்கிழமை காலையில பஸ் ஏறிடறேன். ராசம்மா கூட வரேன்றா.

நேத்து குளிக்கும்போது ஒரு தடவ அழுதேன். இத உங்ககிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்றது? அதோட முடிச்சுட்டேன். இனிமே நீங்க ஆரம்பிக்காதீங்க.

பழைய வாயில் புடவை ரெண்டு தொவைச்சு வைங்க. ஆஸ்பத்திரிக்கு அதுதான் லாயக்கு.

ஆண்டாள்


மரக்காணம்
18.7.2005

அன்புள்ள ஆண்டாளுக்கு,

சற்று முன் போனில், “வியாழக்கிழமை பஸ் ஏறாதே, கடிதம் வருகிறது” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தேன். நீ பயந்திருப்பாய். பயப்படும்படி ஒன்றும் இல்லை. நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

இன்று காலை பெட் சொல்லப் பாண்டிச்சேரி போனேன். ரிசப்ஷனில் சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கலாம். உன் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. எடுக்க மனசில்லை என்று நீ எழுதியதைப் படித்த பிறகு, ஒரு கேள்விகூடக் கேட்காமல் பெட் சொல்வது சரியாகப்படவில்லை. இரண்டு மணி நேரம் காத்திருந்து டாக்டரைப் பார்த்தேன். கேள்வியைத் தாளில் எழுதி வைத்திருந்தேன். அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். வாயால் கேட்டேன்: “சென்னையில் கட்டியை மட்டும் எடுத்தால் போதும் என்கிறார்கள். நீங்கள் ஏன் முழுவதும் எடுக்கச் சொல்கிறீர்கள்?”

அவர் உன் ஃபைலைப் புரட்டி, என் பக்கம் திருப்பி வைத்தார். அதில் அவர் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது: ‘தினமும் வந்துபோக இயலாது — கணவர் கூற்று.’

“அய்யா, கரண்ட் வைக்க தினமும் வர முடியுமான்னு நான் கேட்டேன். முடியாதுங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? கட்டிய மட்டும் எடுத்துட்டு கரண்ட் வைக்காம விட்டா ஆபத்து. அதனாலதான் மொத்தமா எடுத்துடலாம்னேன். வர முடியும்னா நானும் சென்னை டாக்டர் சொன்னதையேதான் சொல்வேன். இந்த சைஸுக்கு உயிரப் பொறுத்தவரைக்கும் ரெண்டும் ஒண்ணுதான்.”

அப்போதுதான் நினைவு வந்தது. அன்று நீ திரைக்குப் பின்னால் ரவிக்கை போட்டுக்கொண்டிருந்தாய். அறையில் நர்ஸும் பயிற்சிக்கு வந்த இரண்டு பெண்களும் இருந்தார்கள். டாக்டர் என்னைப் பார்த்து ஏதேதோ கேட்டார். எனக்கு அந்த அறையை விட்டு வெளியே போனால் போதும் என்றிருந்தது. “முடியாதுங்க, மரக்காணத்திலிருந்து வருகிறோம், பஸ் கஷ்டம்” என்றேன். உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சென்னை டாக்டர் கேட்டபோது நீயே, தங்கை வீடு இருக்குது, வர்றேன் என்று சொல்லியிருப்பாய்.

மாதிரியில் பரிசோதகர் கை படக் கூடாது என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவன் நான்.

பெட் வேண்டாம் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். உனக்கு எடுக்க மனசில்லை. உயிருக்கு இரண்டும் ஒன்று. ஆகவே சென்னையிலேயே வைத்துக்கொள்ளலாம், கட்டியை மட்டும் எடுக்கட்டும். நீ கேட்ட என் அபிப்ராயம் இதுதான். தோன்றுகிறது என்று எழுதவில்லை. யோசித்துப் பார்த்து நீ வேறு முடிவுக்கு வந்தால், அடுத்த வாரமும் இங்கே பெட் தருவதாக டாக்டர் சொன்னார். முடிவு உன்னுடையது.

வியாழக்கிழமை நான் பஸ் ஏறுகிறேன். அடுத்தவர் வீட்டில் இரண்டு நாளுக்கு மேல் எனக்கு இருப்புக் கொள்ளாது என்று உனக்குத் தெரியும். இந்த முறை ஆறு வாரமும் இருப்பேன். தினமும் உன்னோடு ஆஸ்பத்திரிக்கு வருவேன். ராசம்மாளிடம் சொல்லி வை. வீட்டுச் சாவியைக் கொளஞ்சியம்மாளிடம் கொடுத்துவிட்டேன். “ஆறு வாரமா! சாரா இது?” என்று இரண்டு தடவை கேட்டாள்.

நீ என்னைத் திட்டுவதென்றால் வியாழக்கிழமை மாலை நேரிலேயே திட்டலாம். ராசம்மாள் முன்னால் என்றாலும் பரவாயில்லை.

நான்காம் தேதிக் கடிதத்தில் இரண்டாவதாக எழுதியது தவறு. டாக்டர்கள் இருவரும் சரியாகத்தான் சொன்னார்கள். தவறாகச் சொன்னவன் நான்.

வெங்கடாசலம்