கடைசி நான்கு விநாடி

அன்பு மகள் வாயாடிக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், இப்போதைக்கு எங்கள் வேண்டுதல் அது ஒன்றுதான். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதிப் பழகிய கை இன்று மறுக்கிறது. சித்தப்பா லாரியிலிருந்து தவறி விழுந்துவிட்டான் என்று அம்மா போனில் சொன்னது பொய். அவனை அடித்தார்கள். அடித்தவர்கள் பத்து வருஷமாக அவன் லாரியில் தண்ணீர் பிடிக்கிறவர்கள். அதற்குக் காரணம் நான்.

பதறாமல் படி. செயற்கை நுண்ணறிவு செய்யும் போலி வீடியோக்களைப் பற்றி நான் பல்கலைக்கழகத்தில் பாடம் எடுப்பது உனக்குத் தெரியும். வருஷா வருஷம் மாணவர்களே ஒரு பொய் வீடியோ செய்ய வேண்டும், மற்றவர்கள் அதில் எது பொய் என்று கண்டுபிடிக்க வேண்டும். செய்து பார்த்தவன் ஏமாற மாட்டான் என்பது என் கட்சி. இதுவரை என் முகத்தைத்தான் கொடுத்தேன். இந்த வருஷம் பிள்ளைகள், சார் உங்க மூஞ்சியப் பார்த்தாலே பாடம்னு தெரிஞ்சுடுது, வேற யாரையாவது குடுங்க என்றார்கள். நானும் இளித்துக்கொண்டு, நீ கிளம்பிய அன்று சித்தப்பா உனக்கு வாழ்த்துச் சொன்ன வீடியோவைக் கொடுத்தேன். அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் தம்பிதானே என்ற திமிர். ஒரு மாணவி பிரமாதமாகச் செய்திருந்தாள். சாக்கடைக் கால்வாயிலதான் லாரிய நிரப்புறேன், இந்தச் சனங்களுக்கு இது போதும் என்று சித்தப்பா சிரிக்கிறான். பேசும்போது மூக்கைத் தேய்ப்பானே, அதுகூட அப்படியே இருந்தது. இது வகுப்புப் பயிற்சி, உண்மையல்ல என்ற வரி கடைசி நான்கு விநாடியில் வரும். முதலிலேயே போட்டால் சுவாரசியம் போய்விடும் என்று கடைசியில் போடச் சொன்னதும் நான்தான். அவள் பெருமையாகத் தோழிக்கு அனுப்பியிருக்கிறாள். கை மாறிப் போன வழியில் யாரோ அந்த நான்கு விநாடியை வெட்டிவிட்டார்கள். அது நம் தெருக்காரர்கள் போனுக்கும் வந்துவிட்டது. அந்த வாரம் பார்த்து அடுத்த தெருவில் இரண்டு குழந்தைகளுக்கு வாந்தி பேதி.

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி. சேதி கேட்டு நான் ஓடியபோது லாரிக் கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது. அவனைக் கீழே இழுத்துப் போட்டு, அவனுடைய ஸ்பேனராலேயே தாடையில் அடித்தார்கள். நம் தையற்கடைக்காரர், வாய் திறந்து பேசாத மனிதர், அவன் கையை மிதித்துக்கொண்டு நின்றார். லாரியின் ரப்பர் குழாயை அவன் வாயில் செருகி, குடிடா குடிடா என்று கத்தினார்கள். தண்ணீரும் ரத்தமுமாகத் தெருவெல்லாம் ஓடியது. நான் குறுக்கே விழுந்து, அது பொய்யி, நான்தான் செய்யச் சொன்னேன் என்று கதறினேன். அண்ணங்காரன் வேற எப்படிப் பேசுவான் என்று என் முதுகிலும் நாலு விழுந்தது. அன்று மதியமே உண்மையைச் சொல்லி வீடியோ போட்டேன். இதுவும் கம்ப்யூட்டர் செஞ்சதுதான் என்று கீழே எழுதுகிறார்கள். அந்தத் தையற்காரரைக் கண்டால் கழுத்தை நெரிக்கத் தோன்றுகிறது, அப்புறம் என்னை நினைத்துக்கொண்டு அடங்கிவிடுகிறேன்.

சித்தப்பாவுக்கு மூன்று பல் போய்விட்டது, தாடைக்குக் கம்பி போட்டிருக்கிறார்கள், வலது காது இனிக் கேட்காதாம். தலையில் பட்ட அடியில் அந்த வாரம் நடந்தது எதுவும் அவனுக்கு நினைவில்லை. பக்கத்துப் படுக்கைக்காரர் அந்த வீடியோவைக் காட்டித் தொலைத்திருக்கிறார். நான் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, நான் அப்படிச் செஞ்சேனாண்ணே, அந்தப் புள்ளைங்க பொழச்சுக்கிச்சா என்று கட்டிய வாய்க்குள்ளேயே முனகி அழுதான். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். சுவரைப் பார்த்தபடியே கேட்டான். முடித்ததும், அந்தப் பொண்ணுக்கு எத்தன மார்க் போட்டீங்க என்று மட்டும் கேட்டான். முழு மார்க் என்றேன். அப்போதிலிருந்து என்னோடு பேசுவதில்லை. திங்கட்கிழமை வகுப்பில் இதையெல்லாம் அப்படியே சொல்லப் போகிறேன், வேலை போனால் போகட்டும்.

அம்மாவைக் கோபிக்காதே, அப்படிச் சொல்லச் சொன்னது நான். வேளாவேளைக்குச் சாப்பிடு. உன் படம், குரல் எதையும் யாரிடமும் கொடுக்காதே, என்னிடமும்தான். மறக்காமல் சித்தப்பாவுக்கு போன் செய், இடது காதில் வைக்கச் சொல். போனில் வரும் எந்தக் குரலையும் அவன் இப்போது நம்புவதில்லை, நேற்று அம்மா பேசியதற்கே, நீங்க யாரு என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டான். நீ கிளம்பிய அன்று, வீடியோவை நான் நிறுத்திய பிறகு, உன் காதில் ரகசியமாக ஏதோ சொன்னான், நீ விழுந்து விழுந்து சிரித்தாய். முதலில் அதைச் சொல், நம்புவான். அது என்னவென்று எனக்குத் தெரியாது. எனக்கு எழுதவும் வேண்டாம்.

நீ நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்க ஆசீர்வதிக்கும்,
உன் அப்பா