முள் இருந்த இடம்

ஆவணி, செவ்வாய் இரவு

பட்டாசுக் கம்பெனி வேலியோரச் சீமைக்கருவேல மரங்களை இன்று ஜேசிபி வைத்துப் பிடுங்கினார்கள். நாங்கள் தூக்குவாளி மாட்டும் மரத்தடிக்கு வண்டி வந்ததும், வாளியை எடுக்க ஓடினேன். கொப்பு கையில் குத்தியது. பார்த்தால், குட்டை முள். இரண்டு இலைகளுக்கு நடுவே தனியாக நின்றது. பிடுங்கிப் போட்டிருந்த மரத்திலோ நீள முள், இலை முளைக்கும் கணுவிலேயே சோடி சோடியாக. கோயில் வன்னியில் இலை பறிக்கும்போது குத்துவது இந்தக் குட்டை முள்தான். கூட வேலை பார்க்கும் சரோஜாக்காவைக் கூப்பிட்டேன்.

"சரோஜாக்கா, இங்கன பாருங்க! நாம சுத்திக் கும்பிடுற வன்னியில்லா இது!"

அக்கா பட்டையைத் தடவினாள். சாம்பல் நிறத்தில் பாளம் பாளமாக வெடித்திருந்தது.

"ஆத்தி! இதுலயா எச்சிக் கையத் தொடச்சோம்?"

போர்மேன் வந்து பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டு வண்டியைத் திருப்பச் சொன்னார்.

மருந்து ஷெட்டுக்குள் நுழையத்தான் நாங்கள் செருப்பைக் கழற்றுவோம். மத்தியானம் சாப்பிடப் போகையில் அக்கா மரத்துக்கு அப்பாலேயே கழற்றினாள். யாரும் சொல்லாமலே நாங்களும் கழற்றினோம். தூக்குவாளியைத்தான் எங்கே மாட்டுவதென்று ஒருத்திக்கும் தெரியவில்லை.