சீர் உருளியில் சாளைக் குழம்பு

திருவனந்தபுரம்,
பெண்கள் விடுதி வார்டன் குவார்ட்டர்ஸ்,
புதன்கிழமை.

என் செல்ல விஷ்ணுப்ரியாவுக்கு,

அம்மாவின் ஆசிகள். இங்கே நானும் கரமனை வீட்டில் அப்பாவும் சௌக்கியம். ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதில்லை, அது ஒன்றுதான் குறை. கொல்கத்தாவில் மழை நின்றதா? உன் ஆராய்ச்சிக் கட்டுரையை வழிகாட்டி இந்தத் தடவையாவது திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொண்டாரா?

போனில் சொல்ல வேண்டியதைக் காகிதத்தில் எழுதுகிறாளே என்று சிரிக்காதே. போனில் நீ என்னைப் பேச விடுவதில்லை. நான் வாயைத் திறந்ததும் “அம்மா, ஒரு வரி ஸாரி எழுதிக் கொடுத்துட்டு முடிச்சுக்கோயேன்” என்கிறாய். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் “சாதம், பருப்பு, தயிர்” என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒப்பித்துவிட்டு வைத்துவிடுகிறாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. முழுதும் படி.

அப்பா சொன்னதை மட்டும் கேட்டு நீ முடிவு கட்டியிருக்கிறாய். நடந்ததை நான் சொல்கிறேன்.

நான் இந்த விடுதிக்கு வார்டனாக வந்தபோது மெஸ்ஸில் என்ன நிலைமை என்று உனக்குத் தெரியும். வெள்ளைச் சோறு, தண்ணீர் சாம்பார், முட்டைக்கோஸ். பெண்கள் இரண்டு வாய் தின்றுவிட்டு மீதியை வாளியில் கொட்டிவிட்டு, சாயங்காலம் கேட்டுக்கு வெளியே போய் பரோட்டாவும் பஃப்ஸும் வாங்கித் தின்பார்கள். ரத்த தான முகாம் நடந்த அன்று வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தம் போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் வகுப்பில் இரும்புச் சத்து, கால்சியம் என்று வருஷக்கணக்காகப் பாடம் எடுக்கிறவள். என் விடுதிப் பெண்கள் வெளுத்துப்போய் நிற்கிறார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

இங்கே விடுதிகளில் ஒரு வழக்கம் உண்டு. மெஸ்ஸில் என்ன சமைப்பது என்பதைப் பெண்கள் எல்லாரும் கூடி, கை தூக்கி முடிவு செய்வார்கள். வார்டனுக்கு அதில் கையெழுத்துப் போடுகிற வேலை மட்டும்தான். கூட்டத்தைக் கூட்டி, வீட்டில் எதை ஆசையாகச் சாப்பிடுவீர்கள் என்று கேட்டேன். சிவப்பரிசிக் கஞ்சியும் பயறும், முருங்கைக்கீரை, அப்புறம் வாரத்தில் இரண்டு நாள் மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் குழம்பும். கை தூக்காதவர்கள் குறைவு. சைவம் சாப்பிடும் பெண்களுக்குத் தனி அடுப்பு, தனிக் கரண்டி என்று நான் ஒரு நிபந்தனை போட்டேன். அதற்கும் எல்லாரும் கை தூக்கினார்கள்.

கூச்சப்படாமல் சொல்கிறேன், சாளையைப்போல மலிவான, சத்தான சாப்பாடு இந்த ஊரில் வேறு இல்லை. விழிஞ்ஞத்தில் விடியற்காலையில் கரையேறும் மீன், மத்தியானம் தட்டில் இருக்கும். ஐஸ் இல்லை, பெட்டி இல்லை, லாரி இல்லை. ரோஸைத்தான் நீ போன லீவில் கேட்டில் பார்த்தாயே, அவள்தான் கொண்டு வருகிறாள். கீரை விடுதிக்குப் பின்னாலேயே வளர்கிறது. ஒரு மாதம் ஆனதும், எச்சில் சோறு எடுத்துப்போக வரும் பன்றிப் பண்ணைக்காரன் வாளியைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, “டீச்சரே, இப்போ ஒண்ணும் இல்லல்லோ” என்று என்னிடம் குறைப்பட்டான். எனக்குக் கிடைத்த விருதுகளில் அதுதான் பெரிசு.

அப்புறம்தான் வந்தது வினை. பசுமை வளாகம், ஆரோக்கிய வளாகம் என்று ஏதோ ஒரு அங்கீகாரத்துக்காக டெல்லியிலிருந்து ஒரு குழு வருகிறதாம். நிர்வாக அதிகாரி பூதலிங்கம் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நாகர்கோவில் பக்கத்துக்காரர், என்னிடம் தமிழில்தான் பேசுவார். ஒரு காகிதத்தை நீட்டினார். மீன் சுகாதாரக் கேடு என்றும், மாணவிகளே அதை நிறுத்தச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்கள் என்றும் அதில் இருந்தது. அதற்குப் பதிலாக, கழக்கூட்டம் பக்கம் ஐடி கம்பெனிகளுக்குச் சாப்பாடு அனுப்பும் ஒரு காண்ட்ராக்டரிடமிருந்து சிறுதானியச் சாப்பாடு வரும். பிளாஸ்டிக் தட்டில், மேலே பிளாஸ்டிக் ஒட்டி. பசுமை வளாகத்துக்கு!

அதைக்கூட நான் பொறுத்திருப்பேன். “மேடம், உங்களுக்கும் இது சௌகரியந்தானே? கரமனை அக்ரகாரத்துக்காரங்க, மீன் வாடையில எத்தனை நாள் கஷ்டப்படுவீங்க? அதனாலதான் முதல் கையெழுத்து உங்களுதா இருக்கட்டும்னு வச்சேன்” என்றார் சிரித்துக்கொண்டே. என் வீட்டுத் தெருவைப் பார்த்தே என் கையெழுத்துக்கு இடம் ஒதுக்கி வைத்துவிட்டார். நான் போட்டால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள் என்று கணக்கு.

எனக்கு சைவத்தின் மேல் என்ன பகை? சாகும்வரை நான் மீன் தொடமாட்டேன். சிறுதானியமும் நல்லதுதான், நானே பாடம் எடுக்கிறேன். ஆனால் நான் சாப்பிடாததை அடுத்தவர்களும் சாப்பிடக்கூடாது என்பதற்கும் ஆரோக்கியத்துக்கும் என்ன சம்பந்தம்? அந்தக் காகிதத்தில் இருப்பது பொய். பெண்கள் கை தூக்கியதை நான் கண்ணால் பார்த்தவள். போடமாட்டேன் என்று சொல்லிவிட்டு, அவர் வரவழைத்த காப்பியைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

மறுநாளே உத்தரவு வந்தது. குழு வருகிற அன்று சுத்தம் செய்வதற்காக மெஸ் சமையலறை பூட்டியிருக்குமாம், மீன்காரியைக் கேட்டுக்குள் விடக்கூடாதாம். குழு வருவதற்கு முந்தின ராத்திரி மெஸ் செயலாளர் ஆர்யா வந்தாள். மலையாளம் எம்.ஏ. படிக்கிற பெண், பார்த்தால் ஊதினால் பறந்துவிடுகிற மாதிரி இருப்பாள். விடுதியில் எல்லாரும் மெஸ் கட் எழுதிவிட்டார்களாம். மெஸ் கட் என்றால், நாளைக்கு எனக்குச் சாப்பாடு வேண்டாம் என்று முன்கூட்டியே பெயர் கொடுப்பது. அப்படிக் கொடுத்தவர்களைக் கூப்பிட்டுச் சாப்பிடு என்று சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லை. “டீச்சர் பேடிக்கண்டா, ஞங்ஙள் பட்டினி கிடக்கும்” என்றாள், பயப்படவேண்டாம் என்று எனக்கே தைரியம் சொன்னாள்.

பட்டினி! ரத்தம் இல்லாத இந்தப் பெண்களா? நான் அவளைத் திட்டினேன். யாரும் பட்டினி கிடக்கவேண்டாம், நாளைக்கு என் வீட்டில் எல்லாருக்கும் சாப்பாடு என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என் வீடு மீன் நுழையாத வீடு, என் அடுப்பு மீன் ஏறாத அடுப்பு என்பது எனக்கே உறைத்தது. ஆனாலும் சொன்ன சொல்லை மாற்றவில்லை.

காலையில் கேட்டில் ரோஸைத் தடுத்து நிறுத்தியிருந்தார்கள். “எனக்க மீனுக்கு என்ன கேடு? நேத்து வரை தின்னல்லியா?” என்று அவள் போட்ட சத்தம் விடுதி வரை கேட்டது. நானே போனேன். குவார்ட்டர்ஸில் இருப்பவர்களைப் பார்க்க வரும் விருந்தாளிகளைத் தடுக்கக்கூடாது என்று விதி இருக்கிறது. இவள் என் விருந்தாளி என்று வாட்ச்மேனிடம் சொல்லி, கூடையின் ஒரு பக்கத்தை நானும் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தேன். மீன் தண்ணீர் என் புடவையில் சொட்டியது. அப்பாவின் சிநேகிதர் ஒருவர் பைக்கில் போனார், பார்த்தார். கரமனைக்குச் செய்தி எப்படிப் போயிற்று என்று உனக்குப் புரிந்திருக்கும்.

மெஸ் பாத்திரங்கள் எல்லாம் பூட்டின அறைக்குள். மரச்சீனி வேகவைக்க சமையல்காரர் உச்சிமாகாளி வாடகைக்கு ஒரு அண்டா கொண்டுவந்தார். குழம்புக்கு ஏற்ற பாத்திரம் இல்லை. என் பரண் மேல் இருந்தது ஒன்றே ஒன்று. என் அம்மா எனக்குச் சீராகக் கொடுத்த வெண்கல உருளி. இரண்டு ஆள் பிடித்தால்தான் நகரும். உன் கல்யாணத்துக்கு என்று துணி சுற்றி வைத்திருந்தேனே, அதுதான். இறக்கச் சொன்னேன். உச்சிமாகாளி கை வைக்கவே மாட்டேன் என்றார். “இது உங்க சீர்ப் பாத்திரம்லா அம்மா. நல்ல நாள்ல பாயசம் வைக்கிறது. இதுல போயி மீனா? மரச்சீனிய இதுல வேகவச்சுக்கிடுதேன், குழம்ப அண்டாவுல பாத்துக்கிடலாம்” என்றார். நல்ல மனுஷர், எனக்கு ஒரு வழி விட்டுக் கொடுத்தார். நான் அந்த வழியில் போகவில்லை. அண்டா ஈயம் போன பாத்திரம், புளி விட்டால் களிம்பு ஏறும். குழம்பு உருளியில்தான் வேக வேண்டும் என்றேன்.

பலா மரத்தடியில் அடுப்பு மூட்டினோம். பெண்கள் தேங்காய் துருவினார்கள், ரோஸ் மீன் கழுவினாள். குடம்புளி போட்டுக் குழம்பு கொதித்தபோது எனக்கு அந்த மணம் தாங்கவில்லை. முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு துளசிச் செடி பக்கம் போய் நின்றுகொண்டேன். ஆர்யா சிரித்தாள். சிரிக்கட்டும்.

டெல்லிக்காரர்கள் மெஸ் ஹாலுக்குப் போனால், அங்கே பிளாஸ்டிக் தட்டுகள் அடுக்கி இருக்கின்றன, சாப்பிட ஒரு ஆள் இல்லை. மணத்தைப் பிடித்துக்கொண்டு இங்கே வந்துவிட்டார்கள். விடுதி முழுக்கத் தரையில் உட்கார்ந்து மரச்சீனியைக் குழம்பில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தது. பூதலிங்கத்தின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். இது என் வீட்டு விருந்து, மெஸ்ஸுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்றேன். ஏன் மெஸ்ஸில் சாப்பிடவில்லை என்று அவர்கள் கேட்டார்கள். ஆர்யா எழுந்து, எச்சில் கையோடு, ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். கை தூக்கிய கூட்டம், பொய்க் காகிதம், பூட்டு, எல்லாம். குழுவில் ஒரு அம்மாள் மட்டும் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றாள். அவளை நான் குறை சொல்லமாட்டேன். குறித்துக்கொண்டு போனார்கள். என்ன எழுதினார்கள் என்று இதுவரை தெரியாது.

எனக்கு வந்தது மெமோ. எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்காவிட்டால் வார்டன் பதவியும் இந்த குவார்ட்டர்ஸும் போகும், பதவி உயர்வுக் கோப்பும் நிற்கும். கரமனையில் எதிராத்து மாமி, “ஜெயா மீன் கடை போட்டுட்டாளாமே” என்று கோயில் வாசலில் கேட்டாளாம். அப்பா அன்று வந்து, “நம்மாத்துப் பாத்திரம்டி அது. இனி அது கரமனை ஆத்துப் படியேறாது” என்று சொன்னதோடு சரி. ஆனால் சனி, ஞாயிறு நான் கரமனையில் இருந்துவிட்டுத் திரும்பும்போது, திங்கட்கிழமை காலையில் என்னைக் கொண்டுவிட ஸ்கூட்டரை மட்டும் வழக்கம்போல வாசலில் எடுத்து நிறுத்துகிறார். வழி முழுக்க ஒரு வார்த்தை கிடையாது. நானும் பேசுவதில்லை. பார்க்கலாம், யார் முதலில் என்று.

மெமோவுக்குப் பதில் எழுதிக் கொடுத்துவிட்டேன். அன்று அடுப்பு ஒன்று குறைந்ததால் சைவப் பெண்களுக்குப் பயறு வேக நேரமாகிவிட்டது, அதற்காக வருந்துகிறேன் என்று எழுதினேன். வேறு எதற்கும் வருந்தவில்லை என்றும் எழுதினேன். வார்டன் வேலையை எடுக்கட்டும். வேறு வார்டன் வந்தாலும் பெண்கள் கை தூக்கத்தான் போகிறார்கள். பதவி உயர்வு இல்லாமல் ஓய்வு பெற்றவர்கள் ஊரில் எத்தனையோ பேர். பயமே இல்லையா என்று கேட்பாய். இருக்கிறது. ராத்திரி தூக்கம் வருவதில்லை. ஆனாலும் அந்த ஒரு வரியை நான் எழுதமாட்டேன். நீ இன்னொரு தடவை கேட்காதே.

உருளியை உச்சிமாகாளி புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருக்கிறார். இப்போது இங்கே என் சமையலறையில்தான் இருக்கிறது. அது உனக்கு என்று வைத்தது, உனக்குத்தான். அதில் என்ன வெந்தது என்று தெரிந்துகொண்டே வாங்கிக்கொள். உனக்கு அதில் சங்கடம் இருக்காது என்று நினைக்கிறேன். போன லீவில் ரோஸின் கூடையில் சாளையைப் பார்த்து, “சின்னதா இருந்தா முள்ளோடயே சாப்பிட்டுடலாம், இல்லையா?” என்று அவளிடம் கேட்டாயே. நான் செல்போனைப் பார்த்துக்கொண்டு நின்றேன், காதை வீட்டில் வைத்துவிட்டு வரவில்லை.

பூஜா லீவுக்கு வா. குவார்ட்டர்ஸ் இல்லாவிட்டால் ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன், எங்கே போவது என்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அதுவரை இந்த அம்மா உன்னிடம் கேட்பது ஒன்றே ஒன்று. சாதம், பருப்பு, தயிர் என்று இனிமேல் ஒப்பிக்காதே. நீ இளைத்துப் போயிருக்கிறாய் அம்மா. என்ன சாப்பிட்டாய் என்று நான் இனிக் கேட்கமாட்டேன். வயிறு நிறையச் சாப்பிடு, யாருக்கும் பயப்படாமல் சாப்பிடு. எனக்கும்தான்.

நீண்ட ஆயுளோடும் நல்ல ரத்தத்தோடும் இரு.

உன் அம்மா,
ஜெயலக்ஷ்மி
இன்று வரை வார்டன்