கணக்கில் வராத மின்தடை

அன்புள்ள மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் நலமென்று நம்புகிறேன். தொலைபேசியில் பேசினால் உன் அப்பா பாதியில் பிடுங்கிக்கொண்டு "நாங்க ஜோரா இருக்கோம்" என்று முடித்துவிடுவார். ஆகவே காகிதத்தில் எழுதுகிறேன். அவர் கண்ணாடியை ஒளித்துவைத்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் மின்சார ஆணையத்தின் புதிய விதியை முழுவதும் படித்தேன். நீ எழுதியது என்பதால் உன் அப்பா அதை அச்செடுத்துவரச் செய்து, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு உரக்க வாசித்துக்காட்டினார். "பாரு, எவ்வளவு சுருக்கமா எழுதியிருக்கா!" என்று நடுநடுவே மூச்சு வாங்கினார். சுருக்கமாகத்தான் இருக்கிறது. மின் விநியோக நிறுவனங்கள் இதுவரை ஒவ்வொரு மின்தடையையும் கூட்டி உங்களுக்கு அறிக்கை அனுப்பின. இனி அரை மணியைத் தாண்டியவற்றை மட்டும் அனுப்பினால் போதும். வீண் எழுத்துவேலை குறையும் என்கிறாய். கல்லூரியில் புள்ளியியல் நடத்தியவள் நான். தேவையில்லாத எண்கள்மீது எனக்கும் பிரியம் கிடையாது. படித்த அன்று எனக்கும் ஒரு குறையும் தோன்றவில்லை.

இந்த மாதம் சோதனை முறையில் அது நடைமுறைக்கு வந்ததிலிருந்து எங்கள் தெருவில் நடப்பதைக் கேள். முனையிலுள்ள டிரான்ஸ்ஃபார்மர் சூடேறிவிடுகிறது. முன்பு இப்படி ஆனால், சொல்லிவிட்டு ஒரேயடியாக நிறுத்துவார்கள். நான் அப்பாவுக்கு ஆக்சிஜன் சிலிண்டரை மாட்டிவிட்டுக் குறுக்கெழுத்துப் புதிரோடு உட்கார்ந்துவிடுவேன். இப்போது அரை மணி ஆவதற்குள் ஒருமுறை மின்சாரம் கொடுத்து, சற்றுப்பொறுத்து மறுபடி நிறுத்துகிறார்கள். லைன்மேனைக் கேட்டேன், நீ வௌவால் என்று பெயர் வைத்தாயே, அவர்தான். "இழுத்துட்டுப் போனா அறிக்கை அனுப்பணுமாம்மா. நடுவுல ஒரு தடவ கண்ணைக் காட்டிட்டு அணைச்சா கணக்குல வராதாம்" என்று சிரித்தார். ஜன்னல் வழியே உன் அப்பாவைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டார்.

நிறுவனத்துக்கும் தொலைபேசியில் சொன்னேன். "மேடம், எங்க சிஸ்டத்துல இந்த மாசம் உங்க தெருவுல கரண்ட் போகவே இல்லையே" என்றாள் ஒருத்தி. மின்விசிறி நிற்பது என் முதுமையாலா என்று கேட்டேன். காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போட்டுவிட்டாள்.

இன்வர்ட்டர் இருக்கிறதே என்பாய். இருக்கிறது. பேட்டரி ஏற விட்டால்தானே அது உதவும்? இப்போது அதன்மேல் துண்டு காயப்போடுகிறேன்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அப்பாவின் ஆக்சிஜன் இயந்திரம் மின்சாரம் வந்தவுடன் காற்றைத் தருவதில்லை. சில நிமிடங்கள் உறுமி, பச்சை விளக்கு எரிந்த பிறகே அதிலிருந்து வருவது மூச்சுக்கு உதவும். சிலிண்டரோ சிறியது, மின்சாரம் வந்ததும் அதை மூடி இயந்திரத்துக்கு மாற்றினால்தான் அடுத்த தடைக்கு மிஞ்சும். எனவே மூடுகிறேன், மாற்றுகிறேன், பச்சைக்குக் காத்திருக்கிறேன். பச்சை வருமுன் நிறுத்திவிடுகிறார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை அப்படித்தான் நிறுத்தினார்கள். நான் அவசரத்தில் சிலிண்டரைத் திறக்கும் சாவியைத் தவறவிட்டேன். அது கட்டிலுக்கு அடியில் சுவரோரம் போய்விட்டது. என் முழங்கால்களின் லட்சணம் உனக்குத் தெரியும். தரையில் படுத்துக் குடைக்கம்பியால் துழாவினேன். மேலே உன் அப்பாவின் கை கட்டில் சட்டத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. நான் இங்கேதான் இருக்கிறேன், இங்கேதான் இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பிறகு தட்டுவது நின்றது. சாவி அகப்பட்டது. எப்படி எழுந்தேன், எப்படிச் சிலிண்டரைத் திறந்தேன் என்று எனக்கு நினைவில்லை. அவர் உதடுகள் உன் பள்ளிச் சீருடையின் நீலத்தில் இருந்தன. எதற்கும் ஒரு விமரிசனம் வைத்திருக்கும் மனிதர், என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு மூச்சை மட்டும் இழுத்துக்கொண்டிருந்தார்.

சாவியை இப்போது கழுத்தில் கயிறு கட்டி மாட்டியிருக்கிறேன். குளிக்கும்போதும் கதவைத் தாழிடுவதில்லை. குளிர்சாதனப் பெட்டியின் முனகல் நின்றால் போதும், என் கால்கள் என்னைக் கேட்காமல் ஓடுகின்றன. மருத்துவமனையில் சேர்க்கலாமென்றால், நாள்பட்ட நோயாளிக்குப் படுக்கை இல்லை, வீடே உத்தமம் என்கிறார் டாக்டர்.

விதியை நீ கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை, எனக்குத் தெரியும். சிறு தடைகள் யாரையும் ஒன்றும் செய்வதில்லை என்று உன் மேசையிலுள்ள சராசரி சொல்லியிருக்கும். சராசரியில் யாரும் மூச்சு விடுவதில்லை, அம்மா. மாதக் கடைசியில் இந்த விதி நிரந்தரமாகிவிடும். ஒரு நாளின் தடைகளை எல்லாம் கூட்டிச் சொல்லவேண்டும் என்ற பழைய வரியை மட்டும் திருப்பி வை. அதைச் சொன்னால் உன் மேலதிகாரி முகம் சுளிப்பார், உன் பதவி உயர்வு தள்ளிப்போகும் என்று உன் அப்பா கணக்குப் போட்டுவைத்திருக்கிறார். செவ்வாய்க்கிழமை மறுபடி பேச வந்ததும் அவர் சொன்ன முதல் வாக்கியமே, "அவகிட்ட சொல்லிடாதே, குழந்தை பயந்துடும்" என்பதுதான். குழந்தைக்கு ஐம்பது வயதாகிறது.

நீ பயப்படவேண்டும் என்றுதான் எழுதுகிறேன். இத்தனை நாள் இந்த வீட்டில் நான் ஒருத்தியே பயந்துகொண்டிருக்கிறேன். எனக்குக் கை போதவில்லை. இங்கே எது நடந்தாலும் இனி உனக்கு அறிக்கை வராது. ஆகவே நீயே வா. வந்து அவர் பக்கத்தில் ஒரு பகல் உட்கார்.

தீர்க்காயுசாக இரு.

உன் அம்மா